மெஷின் எண்ணெயும் மிதிவண்டி மாப்பிள்ளையும்

உப்பிலியபுரத்தில் ஐம்பது வயதைத் தொட்ட ஆண்பிள்ளை சைக்கிளில் போனால், எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் கொடுத்தாக வேண்டும். “என்ன சார், வண்டி சர்வீஸ்ல இருக்கா?” என்று முதல் ஆள் கேட்பார். இல்லை என்றால், “சுகர் எவ்வளவு காட்டுது?” என்பார் இரண்டாம் ஆள். மூன்றாம் ஆள் ஒன்றும் கேட்க மாட்டார். வீட்டில் ஏதோ பணக் கஷ்டம் என்று தாமே தீர்மானித்து, நான் கைமாற்று கேட்பதற்குள் டீக்கடைக்குள் புகுந்துவிடுவார்.

எங்கள் ஊர் திருச்சி மாவட்டத்தின் வடக்குக் கோடி. ஒரு பக்கம் பச்சைமலை, இன்னொரு பக்கம் கொல்லிமலை, நடுவில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும். ஒரு காலத்தில் உப்பிலியபுரம் என்ற பெயரிலேயே சட்டமன்றத் தொகுதி இருந்தது. மறுசீரமைப்பில் அது போய், 2011 தேர்தலிலிருந்து துறையூர் தொகுதிக்குள் அடங்கிவிட்டோம். ஊரே தொகுதியை விட்டுக்கொடுத்துவிட்ட பிறகு தனி மனிதன் கௌரவம் பார்ப்பதில் அர்த்தமில்லை என்றுதான் நான் அந்தச் சைக்கிளில் ஏறினேன்.

அந்தச் சைக்கிள் யாருடையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் மறைத்தாலும் முன்னால் இருக்கிற கூடை காட்டிக்கொடுத்துவிடும். என் மகள் பிளஸ் ஒன் படித்தபோது பள்ளியில் கொடுத்த அரசு சைக்கிள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம், சில ஆண்டுகளில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்குமாக விரிந்தது. மகள் பள்ளிப் படிப்பை முடித்துத் திருச்சியில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். சைக்கிள் எனக்கு வந்தது. பிள்ளையிடமிருந்து தகப்பனுக்கு இறங்குகிற பிதுரார்ஜிதம் தமிழ்நாட்டில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

லேடீஸ் சைக்கிளா என்று நீங்கள் சிரிப்பதற்கு முன் என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த 1991-92 காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்து ஆயிரக்கணக்கான பெண்களைச் சாலையில் இறக்கியதே, அந்தக் கூட்டத்தில் ஒருவர். அப்போது லேடீஸ் சைக்கிள் போதவில்லை. கிடைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. சேலை கட்டிக்கொண்டு ஜென்ட்ஸ் சைக்கிள் ஓட்டிய மாமியார். வேட்டி கட்டிக்கொண்டு லேடீஸ் சைக்கிள் ஓட்டும் மாப்பிள்ளை. எங்கள் குடும்பம் முன்னேறியிருக்கிறதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சைக்கிளைச் சுகமாக ஓட்டுவதற்குப் பெரிய செலவே கிடையாது. வடை, டீக் காசுக்குள் முடிகிற உபாயங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேறு இரண்டு விலை கொடுக்க வேண்டும். ஒன்று, குனிய வேண்டும். இரண்டு, வீட்டில் நம் பேச்சைக் கேட்க வேண்டியவர்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறவர்களின் பேச்சை நாம் கேட்க வேண்டும். குடும்பத் தலைவனுக்கு இரண்டிலும் இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

முதல் உபாயத்துக்குப் பைசா செலவில்லை. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, நான் தெருமுனை வரை போய்த் திரும்புவதை மாமியார் பார்த்தார்.

“மாப்பிள்ளை, முழங்கால் நெஞ்சுல இடிக்குது. சீட்டைத் தூக்குங்க.”

இரண்டு காலும் தரையில் பதிந்தால்தான் பத்திரம் என்பது என் கட்சி. அதை விளக்கினேன்.

“நிக்கிறதுக்கா சைக்கிள்ல ஏறுறீங்க?” என்றார்.

அவர் சொன்ன கணக்கு இதுதான். சுவரில் கையூன்றிச் சீட்டில் உட்கார வேண்டும். பெடலை அடியில் இறக்கி, அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கி நிற்கும். அவ்வளவுதான் அளவு. சீட் பைப்பில் ஒரு கோடு வெட்டியிருந்தால், அது வெளியே தெரியும்படி தூக்கக் கூடாது. கோடு இல்லாவிட்டால் இரண்டரை அங்குலமாவது பைப்பு உள்ளே இருக்கட்டும். பதினாறு வயதுப் பெண்ணுக்கு வைத்த உயரத்திலேயே நானும் மிதித்துக்கொண்டு, முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நட்டைத் தளர்த்தி இறுக்கியதில் தைலச் செலவு நின்றது. மாமியார் அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் வெளியே கிளம்பும்போதெல்லாம் சீட்டை மட்டும் ஒரு பார்வை பார்ப்பார். அதற்குத் தைலம் கிடையாது.

அடுத்தது காற்று. பெல்பாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப் என்று ஒரு கால்நடை மருத்துவர் இருந்தார். மகனுடைய மூன்று சக்கரச் சைக்கிள் குலுங்காமல் ஓட, ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தைச் சுற்றி மாட்டிக்கொடுத்தார். 1888இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். இந்தக் கதையைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னது தப்பாகப் போயிற்று. “அப்பான்னா அப்படி இருக்கணும்” என்று என் மனைவி ரசம் ஊற்றினாள். மகள் பள்ளிக்குப் போன காலத்தில் பம்ப் எந்த மூலையில் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

ஓட்டை இல்லாத டியூப்பிலும் ரப்பர் வழியே காற்று மெல்லக் கசிந்துகொண்டேதான் இருக்கும். அதனால் வாரம் ஒருமுறை டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அமுங்கினால் பம்ப். எவ்வளவு அடிக்கலாம் என்பது டயரின் விலாவிலேயே அச்சடித்திருக்கும். பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் நம் பாரத்தில் பெரும்பங்கு அங்கேதான் இறங்குகிறது. என் விஷயத்தில் ‘கொஞ்சம்’ என்ற சொல்லைப் பம்ப் ஏற்றுக்கொள்வதில்லை. காற்றுக் குறைந்தால் மிதிக்கவும் கனக்கும். கல்லில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டையும் விழும்.

சாயங்காலம் அடித்த காற்று விடியும்போது இல்லை என்றால், உடனே பஞ்சர் என்று கடைக்குத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டாம். வால் டியூப்பைப் பாருங்கள். வால்வுக் குச்சியின் விலாவில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதன்மேல் ஒல்லியாக ஒரு ரப்பர் உறை. பம்ப் அடிக்கும்போது காற்று உறையை விலக்கிக்கொண்டு உள்ளே போகிறது. உள்ளே போன காற்றே உறையைத் துளைமேல் அழுத்திக் கதவைச் சாத்திவிடுகிறது. நாளாக ஆக, வெயிலில் அந்த ரப்பர் இற்றுப்போகும். வால்வு வாயில் ஒரு சொட்டு எச்சிலை வையுங்கள். குமிழி விட்டால் குற்றவாளி வால் டியூப்தான். சில்லறைக் காசு விலை. புதுசை மாட்டுவதற்கும் எச்சில்தான் வேண்டும். வறண்ட ரப்பர் குச்சியில் ஏறாது. துளை முழுக்க மூடும்வரை உருட்டி உருட்டி ஏற்ற வேண்டும். நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்து, விரலில் எச்சில் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருக்கிற அந்த நேரம் பார்த்துத்தான் சம்பந்தி வீட்டு வகையறா அத்தனை பேரும் அந்தப் பக்கம் வருவார்கள்.

உண்மையிலேயே பஞ்சர் என்றால் அது கருவேல முள்ளாகத்தான் இருக்கும். பஞ்சர் ஒட்டுவதில் சைக்கிள் கடை அண்ணன் எனக்கு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். தொழில் ரகசியத்தை இப்படிச் சும்மா கொடுக்கிறாரே என்று முதலில் நெகிழ்ந்தேன். நான் ஒட்டிக்கொண்டு வருகிற லட்சணத்தைத் திரும்பப் பிரிப்பதுதான் அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது என்பது பிறகு புரிந்தது.

“டயர்ல கம்பெனி பேர் இருக்குல்ல சார், அதை வால்வுக்கு நேரா வெச்சு மாட்டுங்க. அப்புறம் டியூப்ல ஓட்டை வால்வுலேருந்து எத்தனை சாண்னு பாருங்க. டயர்லயும் பேர்லேருந்து அதே சாண் அளந்தா, முள்ளு அங்கதான் உக்காந்திருக்கும்.”

முள்ளை எடுக்காமல் டியூப்பை மட்டும் ஒட்டி மாட்டினால் அடுத்த தெருவிலேயே மறுபடி காற்று இறங்கும். முள்ளைத் தேட விரலை விடக் கூடாது. பழைய துணியைச் சுருட்டி டயருக்குள் துழாவினால் முள் துணியைப் பிடித்துக்கொள்ளும். சொல்யூஷன் தடவிய கையோடு ஒட்டையும் ஒட்டிவிடக் கூடாது. தொட்டால் விரலில் ஒட்டாத பதத்துக்குக் காய வேண்டும். சொல்யூஷனுக்கு முன்னால் என் பொறுமை காய்ந்துவிடுவதால், அந்த ஐந்து நிமிடத்துக்கு என்னை மளிகைக்கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். டயரைக் கழற்றச் சமையலறைக் கரண்டிக் காம்பு உதவும் என்ற என் கண்டுபிடிப்பு, கரண்டியின் உரிமையாளரால் நிராகரிக்கப்பட்டது. அதன் கூரான விளிம்பு டியூப்பைக் கிழிக்கும் என்பது அண்ணனின் கருத்து. மனைவியின் கருத்து இதைவிட நீளம்.

செயின் விஷயத்தில்தான் எங்கள் வீட்டில் எல்லைத் தகராறு. மனைவி தையல் மெஷின் வைத்திருக்கிறாள்; தெருவில் பாதி ஜாக்கெட் அவள் கையால் தைத்தது. மெஷினுக்குப் பக்கத்தில் நீள மூக்கு வைத்த எண்ணெய்க் குப்பி. என் பாஸ்புக்கில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்தக் குப்பியில் எவ்வளவு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதனால் தேங்காய் எண்ணெயே போதும் என்று நான் வாதாடிப் பார்த்தேன்.

“மார்கழியில அது உறைஞ்சா என்ன பண்ணுவீங்க, செயினை அடுப்புல காட்டுவீங்களா?”

சரி, விளக்கெண்ணெய்? எங்கள் தாத்தா மாட்டுவண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த மையைத்தானே போட்டார்?

“அச்சு குடத்துக்குள்ள மூடிக் கிடக்கும். செயின் தெறந்து கிடக்குது. பிசுபிசுன்னு எதைத் தடவினாலும் ரோட்டுப் புழுதி பூரா அதுல வந்து ஒட்டிக்கும். மண்ணும் எண்ணெயும் சேர்ந்து செயினையே அரைச்சுத் தின்னுரும்” என்றாள். ஜாக்கெட் தைக்கிறவளுக்கு இயந்திரவியல் எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன். நாள் முழுக்க இயந்திரத்தின் முன் உட்காருகிறவள் அவள்தான், பேப்பர் படிக்கிறவன்தான் நான் என்பது ஞாபகம் வந்ததால் கேட்கவில்லை.

கடைசியில் மெஷின் எண்ணெய்க்கு அனுமதி கிடைத்தது. பழைய பல் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுச் செயின் அழுக்கைத் தேய்த்து எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல். துடைத்துக் காயவிட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே ஒவ்வொரு கண்ணியின் உருளை மேலும் ஒரே ஒரு சொட்டு. கொஞ்சம் ஊறிய பிறகு, பழைய பனியனால் வெளிப்பக்கம் இருப்பதையெல்லாம் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் வேலை செய்வது கண்ணிக்கு உள்ளேதான். வெளியே நிற்பது புழுதியைத்தான் கூப்பிடும். ரிம்மில் ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. சிந்தினால் பிரேக் கட்டை பிடிக்காமல் வழுக்கும். நாம் நிற்கிற இடத்தை எதிரே வருகிற எருமைதான் முடிவு செய்யும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கவும் கடைக்குப் போக வேண்டாம். கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அதற்கு மேல் எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றிவிடுவது லாபம். இல்லாவிட்டால் பல்சக்கரத்தின் பல்லையும் தேய்த்துவிட்டு, இரண்டுக்கும் சேர்த்துச் செலவு வைக்கும். அளப்பதற்கு மனைவியின் டேப்பை எடுத்தேன்.

“டேப்பு இழுபடும்ங்க, இரும்பு ஸ்கேலை எடுங்க.”

“டேப்பு எப்படி இழுபடும்?”

“போன தீபாவளிக்கு உங்க இடுப்பை அளந்தப்ப நீங்கதானே அப்படிச் சொன்னீங்க?”

நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டேன்.

பழைய டியூப்பை எறிந்துவிடாதீர்கள். மட்கார்டு கடகடக்கிறதா? டியூப்பில் காசளவு வட்டம் வெட்டி நடுவில் ஓட்டை போட்டு, நட்டுக்கு அடியில் கொடுத்து இறுக்குங்கள், வாய் மூடிக்கொள்ளும். நீளவாக்கில் வெட்டினால் கேரியரில் மூட்டை கட்ட வார். குறுக்கே வெட்டினால், பேன்ட் நுனி செயினுக்குள் போகாமல் கணுக்காலில் மாட்டிக்கொள்ள வளையம். வேட்டிக்கு எந்த வளையமும் உதவாது. மடித்துக் கட்டுவது ஒன்றே வழி. அதிலும் இறங்கும்போது மறக்காமல் அவிழ்த்துவிட வேண்டும் என்று எங்கள் வீட்டில் தனிச் சட்டம் இருக்கிறது.

என் அப்பா ஹெர்குலிஸ் வைத்திருந்தார். 1949இல் தொடங்கிய அம்பத்தூர் டிஐ கம்பெனியின் சரக்கு. சக்கரத்தின் ஹப்பைச் சுற்றித் தொளதொளவென்று ஒரு பழைய தோல் வாரை வளையமாகக் கட்டிவிட்டிருப்பார். சக்கரம் சுற்றச் சுற்ற அந்த வாரே ஹப்பைத் துடைத்துத் துடைத்து மினுக்கிக்கொண்டிருக்கும். நான் வாசித்த, கேட்ட உபாயங்களிலேயே குனிய வேண்டாதது இது ஒன்றுதான். ஆகவே முதல் வேலையாக இதைத்தான் செய்தேன். செயின் துருப்பிடித்து, டயர் இளைத்துக் கிடந்த காலத்திலும் என் சைக்கிளின் ஹப் மட்டும் கல்யாணப் பந்தலுக்குப் போகிற அழகில் இருந்தது.

இடது பெடலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உலகத்தில் அநேகமாக எல்லா மரையும் வலப்பக்கம் திருகினால் இறுகும். இடது பெடலின் மரையோ தலைகீழ். மிதிக்கும்போது தானாகக் கழன்று போகாமல் இருப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் கழற்றப் போனால், பலம் உள்ளவன் இன்னும் இறுக்கிவிடுவான். எனக்கு அந்த ஆபத்து இல்லை. சூத்திரம் சுலபம்: ஸ்பேனரை நிமிர்த்தி வைத்து முன் சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இறுகும், பின் சக்கரத்தின் பக்கம் இழுத்தால் கழலும், இரண்டு பெடலுக்கும் இதே விதி. இதை எனக்குச் சொன்னது கல்லூரியிலிருந்து போனில் பேசிய மகள். “அப்பா, வீடியோ கால் போட்டு ஸ்பேனரைக் காட்டுங்க” என்றாள். காட்டினேன். “அப்பா, அது குழாய் ஸ்பேனர்” என்றாள்.

இரவில் போவதாக இருந்தால் ஒட்டுத்தாள் வாங்குங்கள்; வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்புப் பட்டை. பின் மட்கார்டில் ஒரு துண்டு, பெடல்களின் பின்விளிம்பில் ஒவ்வொரு துண்டு. பெடலில் ஒட்டியது மேலும் கீழுமாக ஆடுவதால், பின்னால் வருகிற டிராக்டர்காரர் கண்ணில் அதுதான் முதலில் படும். சோளத் தட்டை ஏற்றிக்கொண்டு நமக்கு முன்னால் போகிற டிராக்டருக்கும் ஒரு துண்டு ஒட்டிவிடலாமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எட்டிப் பிடிக்க முடிந்ததில்லை.

1973இல் சயன்டிபிக் அமெரிக்கன் இதழில் எஸ். எஸ். வில்சன் என்பவர் ஒரு கணக்குப் போட்டார். நகரும் பிராணிகளையும் இயந்திரங்களையும் வரிசைப்படுத்தினால், எடைக்கும் தூரத்துக்கும் மிகக் குறைந்த சக்தி செலவழிப்பது சைக்கிளில் போகிற மனிதன்தானாம். நடப்பதற்கு ஆகிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு போதுமாம். வில்சன் ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் வந்திருந்தால் கணக்கைக் கொஞ்சம் திருத்தியிருப்பார். அம்மியைப் பறக்கவைக்கிற காற்று, எனக்கு மட்டும் எப்போதும் எதிர்க்காற்று. அதற்கும் காசில்லாத உபாயம் உண்டு: போகும்போது காற்றை எதிர்த்துப் போகிற மாதிரி வேலையை வைத்துக்கொண்டால், களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். முழங்கையை மடக்கிக் குனிந்து ஓட்டினால் காற்றுக்கு நம் மார்பு அகப்படாது. எனக்கு அகப்படுவது வயிறு. அது குனிந்தாலும் குனியாது. சோபனபுரம் வழியாகச் சைக்கிளிலேயே பச்சைமலை ஏறுகிற பையன்களை அடிவாரத்தில் நின்று வாழ்த்தி அனுப்புவேன். வாழ்த்துவதற்கு வசதியாக அங்கே டீ கிடைக்கிறது.

இத்தனையும் செய்து முடித்த பிறகுதான் ஒரு புதுச் சங்கடம் முளைத்தது. சைக்கிள் நன்றாக ஓட ஆரம்பித்துவிட்டது. நன்றாக ஓடுகிற சைக்கிள் ஒரு வீட்டில் ஒருவனுக்குச் சொந்தமாக இருக்காது. மனைவி நூல்கண்டு வாங்க எடுத்துப் போனாள். எதிர்வீட்டுத் தம்பி ரேஷன் கடைக்கு. மாமியார் கூடச் சீட்டை இறக்கச் சொல்லி, கோவில் வரை போய் வந்தார். எண்ணெய் போட்டவன் நடந்து போய்க்கொண்டிருந்தான்.

ஆகவே யாருக்கும் சொல்லாத கடைசி உபாயம் ஒன்றை நானே கண்டுபிடித்தேன். எல்லாவற்றையும் சரி செய்துவிடாதீர்கள். ஒரே ஒரு கிறீச்சை மட்டும் விட்டுவையுங்கள். வலது பெடலை அப்படித்தான் விட்டுவைத்தேன். ஒவ்வொரு மிதிக்கும் தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். எதிர்வீட்டுத் தம்பி, “பரவால்லண்ணே, நடந்தே போயிக்கிறேன்” என்றான். மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். அன்று சைக்கிள் முழுசாக என்னுடையதாக இருந்தது.

மறுநாள் காலையில் அதை வாசலில் காணோம். தையல் மெஷின் பக்கம் போய்ப் பார்த்தேன். எண்ணெய்க் குப்பியில் ஒரு சொட்டுக் குறைந்திருந்தது. அது இப்போதெல்லாம் எனக்கும் தெரிகிறது.